எழுத்து அப்படியே நிற்கும், படம் மட்டும் சுருங்கும்

டெம்மி அளவுப் புத்தகம். எழுத்துப் பரப்பின் அகலம் 10.5 செ.மீ. அதற்குள் குவிலென்ஸ், குழியாடி, முப்பட்டகம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒளியியல் படங்கள் அத்தனையும் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டன! ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் படத்துக்குள் இருக்கும் எழுத்தும் வெளியே பத்தியில் இருக்கும் எழுத்தும் ஒரே அளவு, ஒரே கனம். டிக்ஸ் என்ற இந்த அற்புதத்தை உருவாக்கியவருக்கு ஊர் எல்லையில் ஒரு நடுகல்லாவது நடவேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவர் பெயர் டில் டான்டவ். ஜெர்மனியில் லூபெக் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பேராசிரியர். தன் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் படம் வரைந்துகொள்ளச் சின்னதாக எழுதிய நிரல்தான் பிஜிஎஃப் ஆகவும் அதன்மேல் அமர்ந்திருக்கும் டிக்ஸ் ஆகவும் வளர்ந்தது. இன்று அதன் கையேடு மட்டும் 1300 பக்கங்களைத் தாண்டுகிறது. (அதை நாவல்போல் படுக்கையில் வைத்துப் படிக்கும் ஆள் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று நம்ப விரும்புகிறேன்.) லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் கோப்புக்குள்ளேயே, பத்திக்கும் பத்திக்கும் நடுவில், இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு, முனையில் அம்பு, பக்கத்தில் ‘குவியம்’ என்று எழுத்து என எழுதிவிட்டால் போதும். மவுஸைத் தொடவே வேண்டாம். வருவது வெக்டார் படம். பிடிஎஃப்பை 6400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தாலும் கோட்டின் விளிம்பு கத்திபோல் நிற்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குவிலென்ஸ் படம் ஒன்று. குவியத்தூரம் 2 அலகு. பொருள் 3 அலகு தொலைவில். பிம்பம் மறுபக்கம் 6 அலகு தொலைவில், இரண்டு மடங்கு உயரத்தில், தலைகீழாக. முதன்மை அச்சின் மொத்த நீளம் 12.5 அலகு. அச்சின் இரு முனைகளிலும் லேபிள்கள் கூடுதலாக மொத்தம் 1.5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றும் சொல்லாவிட்டால் டிக்ஸில் 1 அலகு என்பது 1 செ.மீ. ஆகப் படத்தின் இயல்பான அகலம் 14 செ.மீ. எனக்கு வேண்டியது 10.5.

லேடெக் தெரிந்தவர்கள் எல்லாரும் உடனே சொல்வது ‘ரீசைஸ்பாக்ஸ்’. கிராஃபிக்ஸ்-எக்ஸ் தொகுப்பில் இருக்கும் கட்டளை. அகலம் 10.5 செ.மீ. என்று ஒரு அடைப்பில், உயரத்துக்கு ஓர் ஆச்சரியக்குறி இன்னொரு அடைப்பில், மூன்றாவதில் முழுப் படம். ஆச்சரியக்குறிக்குப் பொருள்: உயரத்தை நீயே விகிதம் பார்த்து வைத்துக்கொள். அந்தக் குறியை அங்கே வைத்தவரின் ரசனையே ரசனை! ஒரே வரியில் படம் அச்சாக 10.5-க்கு வந்து நிற்கும். அவசரத்துக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: மூன்றாவது அடைப்பைத் திறந்ததும் வரிக் கடைசியில் ஒரு சதவீதக் குறி போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் வரி முடிவு ஒரு இடைவெளியாகக் கணக்கில் சேர்ந்து, படம் தலைமுடி அளவுக்குத் தள்ளி உட்காரும். ‘பெரிதாக இருந்தால் மட்டும் சுருக்கு, சிறிதாக இருந்தால் தொடாதே’ என்று சொல்ல வேண்டுமானால் மார்டின் ஷாரர் எழுதிய அட்ஜஸ்ட்பாக்ஸ் தொகுப்பும் அதன் ‘மேக்ஸ் விட்த்’ விருப்பமும் இருக்கின்றன. தங்கமான தொகுப்பு.

ஆனால் ரீசைஸ்பாக்ஸ் செய்யும் வேலை என்ன? பலூனில் பேனாவால் பெயரை எழுதிவிட்டு ஊதினால் பெயரும் சேர்ந்து பெருக்கிறது அல்லவா, அதேதான். 14-ஐ 10.5 ஆக்கினால் எல்லாமே 0.75 மடங்கு. 10 பாயிண்ட் எழுத்து 7.5 பாயிண்ட் ஆகிறது, 0.4 பாயிண்ட் கோடு 0.3 ஆகிறது. ரோமன் எழுத்தில் 7.5 பாயிண்டைச் சமாளித்துவிடலாம். தமிழில், அதுவும் சாதாரண மேப்லித்தோ தாளில், ‘ண’வின் சுழிகள் மை பூசிக்கொள்கின்றன, ‘க்ஷ’ ஒரு கறையாகிவிடுகிறது, மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. லேடெக்குக்கு அடித்தளமான டெக்கை உருவாக்கிய டொனால்ட் க்னூத் இந்த விஷயத்தில் எவ்வளவு பிடிவாதம் பிடித்தார் பாருங்கள். அவருடைய கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவில் 5 பாயிண்ட் எழுத்து, 10 பாயிண்ட் எழுத்தின் சுருக்கம் அல்ல. தனியாக, கொஞ்சம் அகலமாக, கொஞ்சம் தடிமனாக வடிவமைக்கப்பட்டது. நான் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவில் அந்த வசதி இல்லை. எனவே எழுத்தைச் சுருக்காமல் இருப்பதே எனக்கு உள்ள ஒரே மரியாதையான வழி. டான்டவும் தன் கையேட்டில் வரைபட நெறிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, படத்தை அச்சாகப்போகும் அளவிலேயே உருவாக்குங்கள், பிறகு சுருக்காதீர்கள் என்று வாதாடுகிறார்.

அகலம், உயரம் இரண்டையும் கட்டாயப்படுத்தினால் இன்னும் மோசம். 45 பாகையில் சாய்ந்த ஒரு சமதள ஆடி. கிடைமட்டமாக வரும் கதிர் அதில் பட்டுச் செங்குத்தாக மேலே போகிறது. அழகான படம். இதன் அகலத்தை 4 பங்காகவும் உயரத்தை 3 பங்காகவும் இழுத்தால் ஆடி ஏறக்குறைய 37 பாகைக்குச் சாய்ந்துவிடும். கதிரோ அதே கிடைமட்டத்தில் வந்து அதே செங்குத்தில் போகும். படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று பக்கத்தில் எழுதியிருப்போம். பாடத்தைப் படமே பொய்யாக்கும்!

இப்போது டிக்ஸின் சொந்த வழிக்கு வாருங்கள், எனக்குப் பைத்தியம் பிடித்த இடம் அதுதான். படத்தின் தலைப்பில் ‘ஸ்கேல்’ என்று போட்டு 0.75 என்றால், டிக்ஸ் புள்ளிகளின் இடத்தை மட்டும்தான் மாற்றும். கோட்டின் தடிமன் அதே 0.4 பாயிண்ட். எழுத்து அதே 10 பாயிண்ட். அம்புமுனை அதே அம்புமுனை. படத்தைப் பிடித்து அமுக்குவதில்லை. புதிய இடங்களில் புதிதாக வரைகிறது. முதன்முறை பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எழுத்தும் சேர்ந்து சுருங்க வேண்டும் என்றால் ‘டிரான்ஸ்ஃபார்ம் ஷேப்’ என்று நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்போதும் கோட்டின் தடிமன் அசையாது.

இதைவிட நயமான வழி அலகையே மாற்றுவது. எக்ஸ் திசையில் 1 அலகு என்றால் இவ்வளவு நீளம், ஒய் திசையில் 1 அலகு என்றால் இவ்வளவு என்று தனித்தனியே சொல்லலாம். வெறும் எண்களாக எழுதிய புள்ளிகள் மட்டும் இதற்குக் கட்டுப்படும். செ.மீ. என்று அலகோடு எழுதியவை இம்மியும் நகராது. லென்ஸின் உருவத்தை செ.மீ.யிலும் கதிர்களை வெறும் எண்களிலும் எழுதிவிட்டால், என்ன சுருக்கினாலும் லென்ஸ் லென்ஸாகவே இருக்கும். ‘ஸ்கேல்’ இப்படிப் பார்த்து நடக்காது, செ.மீ. போட்டவற்றையும் சேர்த்துச் சுருக்கிவிடும்.

லென்ஸ் கதிர்ப்படத்துக்கு இது வரம். அதில் இருப்பவை எல்லாம் நேர்க்கோடுகளும் அவை வெட்டும் புள்ளிகளும்தான். கிடைமட்டத்தை ஒரு விகிதத்திலும் செங்குத்தை வேறொரு விகிதத்திலும் மாற்றினாலும் நேர்க்கோடு நேர்க்கோடாகவே இருக்கும், இரண்டு கதிர்களும் பிம்பத்தின் நுனியில்தான் சந்திக்கும், 3-க்கு 6 என்ற விகிதம் கெடாது. அகலம் போதவில்லையா, எக்ஸை மட்டும் குறை; கதிர்களின் சாய்வு நன்றாகத் தெரிய ஒய்யை அப்படியே விட்டுவிடு. மெல்லிய லென்ஸுக்கான பாடநூல் படங்கள் இப்படி உயரத்தை மிகைப்படுத்தியே வந்திருக்கின்றன. சாய்ந்த ஆடியில் பாவமாக இருந்தது இங்கே முழு நியாயம்.

சரி, 10.5-ஐ அச்சாகப் பிடிப்பது எப்படி? வெறுமனே 0.75 போட்டால் பிடிக்காது. அச்சு 12.5 அலகு, அது 9.375 செ.மீ. ஆகிவிடும், ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் லேபிள்கள் சுருங்கவில்லையே, அதே 1.5 செ.மீ. கூட்டினால் 10.875. லேடெக்கின் பதிவேட்டில் ‘ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ்’ என்ற முனகல் வரும், ஏறக்குறைய 10.67 பாயிண்ட் அதிகம் என்று. இங்கே எட்டாம் வகுப்பு இயற்கணிதம் கைகொடுக்கிறது. வேண்டிய அகலத்திலிருந்து சுருங்காத பகுதியைக் கழி: 10.5 கழித்தல் 1.5, அதாவது 9. அதை 12.5-ஆல் வகு: 0.72. எக்ஸ் அலகு 0.72 செ.மீ. என்று எழுதினால் அகலம் 10.5, அடித்துவைத்தாற்போல! கழிப்பதும் வகுப்பதும்கூட என் வேலை இல்லை என்பவர்களுக்கு டிக்ஸ்ஸ்கேல் என்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. படத்தைத் தனிக் கோப்பில் வைத்து, புகைப்படத்தை அழைப்பதுபோலவே அகலம் சொல்லி அழைத்தால், அதுவே வரைந்து அளந்து திரும்ப வரைந்து அந்த அகலத்தில் நிறுத்தும். எழுத்தையும் கோட்டையும் தொடாது.

டெக் உள்ளுக்குள் எவ்வளவு நுண்ணிதாக அளக்கிறது என்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஓர் அங்குலத்துக்கு 72.27 பாயிண்ட். ஒரு பாயிண்டை 65,536 ஆகப் பிரித்ததுதான் டெக்கின் மிகச் சிறிய அலகு. கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 5.4 நானோமீட்டர். பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர் என்று என் நூலின் ஒரு பாடம் சொல்கிறது. அதில் நூறில் ஒரு பங்கு அலகை வைத்துக்கொண்டு ஒளியைப் பற்றிய புத்தகத்தை அச்சுக்கோக்கிறேன்! அச்சு இயந்திரத்துக்கு இது எதுவும் எட்டாது என்பது வேறு கதை.

அடுத்த மகிழ்ச்சி, படங்களின் வரிசை. குவியத்தை எஃப் என்று குறித்தால், பொருள் 2எஃப்-க்கு அப்பால், 2எஃப்-ல், எஃப்-க்கும் 2எஃப்-க்கும் நடுவில், எஃப்-ல், எஃப்-க்குள் என்று குவிலென்ஸுக்கு ஐந்து படங்கள் போடுவது வழக்கம். ஐந்தும் இயல்பில் ஐந்து அகலம். ஒவ்வொன்றையும் ரீசைஸ்பாக்ஸில் 10.5-க்கு இழுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விகிதம். ஒரே லென்ஸின் குவியத்தூரம் படத்துக்குப் படம் மாறும். எழுத்தும் ஒன்றில் குண்டாக, ஒன்றில் மெலிந்து நிற்கும். இதற்கு டிக்ஸில் ‘யூஸ் அஸ் பவுண்டிங் பாக்ஸ்’ என்று ஒரு கட்டளை. படம் எப்படி இருந்தாலும் இந்தச் செவ்வகம்தான் அதன் எல்லை என்று முதல் வரியிலேயே அறிவித்துவிடலாம். ஐந்து படங்களுக்கும் ஒரே செவ்வகம், ஒரே அலகு. பொருள் எஃப்-ல் இருக்கும்போது இணையாக ஓடிக்கொண்டே போகும் கதிர்களை ‘கிளிப்’ போட்டு ஓரத்தில் நறுக்கிவிடலாம். பக்கங்களைப் புரட்டினால் லென்ஸ் நின்ற இடத்தில் நிற்கிறது, பொருள் மட்டும் நெருங்கி நெருங்கி வருகிறது, பிம்பம் விலகி விலகி ஓடுகிறது. அச்சுப் புத்தகத்தில் சினிமா!

மாதிரிப் பிரதியைப் பார்த்த அச்சக லே-அவுட் தம்பி, “எங்கிட்ட குடுத்திருந்தா மூலையப் புடிச்சு இழுத்து அஞ்சு நிமிசத்துல வச்சிருப்பேனே சார்” என்றுதான் ஆரம்பித்தார். நான்கு பக்கம் புரட்டிய பிறகு, “எல்லாப் படத்துலயும் எழுத்து ஒரே சைஸா இருக்கே, எப்படி சார்?” என்றார். அன்று அவர் மதியச் சாப்பாட்டுக்குத் தாமதமாகத்தான் போனார், பழி என்மேல்.

வளைகோட்டு வரைபடங்களுக்கு, அதாவது அளவுகோல் அச்சுகளோடு வரும் கிராஃப்களுக்கு, கிறிஸ்டியன் ஃபாய்யர்செங்கரின் பிஜிஎஃப்பிளாட்ஸ் இருக்கிறது. அதில் அகலமும் உயரமும் நேரடியாகவே கேட்கலாம். கேட்ட அளவு லேபிள்களையும் சேர்த்து உத்தேசமாக வரும். அச்சுப் பெட்டி மட்டும் சொன்ன அளவுக்குக் கச்சிதமாக வேண்டுமென்றால் ‘ஸ்கேல் ஒன்லி ஆக்சிஸ்’ என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும்.

இப்போது அதே லென்ஸ் படத்தை வகுப்பறைத் திரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன். லேடெக்கில் சிலைடு செய்ய உதவும் பீமரும் டான்டவ் கைவண்ணம்தான். 16-க்கு 9 விகிதச் சிலைடின் அகலம் 160 மி.மீ.; இரு ஓரமும் போக எழுத்துக்குக் கிடைப்பது 14 செ.மீ. 10.5 என்ற எண்ணைப் படத்துக்குள் எங்கும் எழுதவில்லை, வரியகலத்திலிருந்து 1.5-ஐக் கழித்து 12.5-ஆல் வகு என்று ஒரு நீள மாறியில் வைத்து, அதைத்தான் எக்ஸ் அலகாகக் கொடுத்திருக்கிறேன். லேபிள்கள் அதே நீளம் என்றால் சிலைடில் அலகு அச்சாக 1 செ.மீ. என்று வருகிறது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை! முப்பட்டகப் படங்களுக்கு மட்டும் எக்ஸுக்குக் கிடைக்கும் அதே நீளத்தை ஒய்க்கும் கொடுத்துவிடுகிறேன். அங்கே 60 பாகை என்றால் 60 பாகையாகவே இருந்தாக வேண்டும்.