டாக்டர் ஓட்டிய வண்டியும் டயக்னாஸ்டிக் கருவியும்

செகண்ட் ஹேண்ட் சொகுசு கார் யார்டுக்குள் கால் வைத்ததும் காதில் விழுகிற முதல் வாக்கியம், "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி சார்." தமிழ்நாட்டில் இத்தனை டாக்டர்களா பி.எம்.டபிள்யூ. ஓட்டுகிறார்கள் என்று சந்தேகமே வந்துவிடும். நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு யார்டில் நான் பார்த்த 2013 மாடல் 320டி-யும் அப்படித்தான் அறிமுகமானது. வெள்ளை நிறம், பளபளவென்று பாலிஷ் போட்ட பானெட், ஓடோமீட்டரில் 68 ஆயிரம் கிலோமீட்டர். ஷோரூமில் இன்று ஒரு நடுத்தர எஸ்.யூ.வி. எடுக்க ஆகும் பணத்தைவிடக் குறைவாகத்தான் விலை சொன்னார்கள்.

'எஃப்30' என்று அழைக்கப்படும் இந்தத் தலைமுறை 3 சீரிஸ், 2012-ல் இந்தியாவுக்கு வந்தது. செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் தொழிற்சாலையில் கோர்க்கப்பட்ட கார். புதிதில் இதன் விலை முப்பது லட்சம் ரூபாயை ஒட்டித் தொடங்கியது. வயதாக ஆக காரின் விலை சரிகிறது. உதிரிபாகத்தின் விலை சரிவதில்லை. பத்து லட்சத்துக்கு வாங்கினாலும் ஹெட்லைட் உடைந்தால் முப்பது லட்ச ரூபாய் காரின் ஹெட்லைட்டைத்தான் வாங்கியாக வேண்டும். அதனால் "320டி நல்ல மாடலா?" என்பதைவிட, "கண்ணெதிரே நிற்கும் இந்த ஒரு வண்டி எப்படி?" என்று கேட்பதுதான் உபயோகமான கேள்வி.

முதல் வேலை, பானெட்டைத் திறப்பதற்கு முன் அதன் மேல் கை வைப்பது. சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மரியாதையாக "நாளைக்குக் காலையில வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். காரணம், ஆரம்ப கால எஃப்30 320டி-யில் இருப்பது என்47 என்ற டீசல் இன்ஜின். 184 ஹெச்.பி., 380 நியூட்டன் மீட்டர் என்று ஓட்டுவதற்கு அருமையான இன்ஜின்தான். ஆனால் இதன் டைமிங் செயின் இன்ஜினின் முன்பக்கம் இல்லை. பின்னால், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினோ அதன் கைடுகளோ தேய்ந்தால், அங்கே கையை நுழைக்கவே இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். கூலியே பெரிய தொகையாகிவிடும். 2007 முதல் 2011 தொடக்கம் வரை தயாரான இன்ஜின்களில்தான் இந்தப் பிரச்னை அதிகம் பேசப்பட்டது, எஃப்30-ல் குறைவு. குறைவு என்பதற்காகக் காதைத் தீட்டாமல் இருக்க முடியாது. நன்றாக ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, விண்ட்ஷீல்டு பக்கமாக நின்று கேளுங்கள். 1,500 ஆர்.பி.எம். வாக்கில் உலோகம் உரசும் கரகரப்பு, டீசலின் வழக்கமான கடகடப்பிலிருந்து தனியாகத் தெரியும். நான் பார்த்த வண்டியில் அந்தச் சத்தம் இல்லை.

அடுத்து ஸ்கேனர். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.பி.டி. அடாப்டரை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, போனில் ஒரு ஆப்பைத் திறந்தால் போதும். எல்லா கார்களுக்குமான பொது ஆப் வேண்டாம். அது இன்ஜின் கோளாறுகளை மட்டும் மேலோட்டமாகக் காட்டும். பிம்மர்லிங்க் போல, பி.எம்.டபிள்யூ.வுக்கென்றே எழுதப்பட்ட ஆப், கியர்பாக்ஸ், ஏர்பேக், பிரேக், லைட் என்று ஒவ்வொரு கன்ட்ரோல் யூனிட்டிலும் நுழைந்து பார்க்கும். இந்த யூனிட்டுகளில் பல, கோளாறு வந்தபோது கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பதையும் சேர்த்தே குறித்துவைக்கின்றன. மீட்டரைக் குறைப்பவர்கள் டேஷ்போர்டைத் திருத்துகிறார்கள். இந்த மூலைகளை மறந்துவிடுகிறார்கள்.

நம் 'டாக்டர் வண்டி'யில் பேட்டரி மின்னழுத்தம் குறைந்ததாக ஒரு பழைய பதிவு இருந்தது. ஒன்றுமில்லாத விஷயம். ஆனால் அது பதிவானது 1,12,000 கிலோமீட்டரில். மீட்டர் காட்டுவதோ 68 ஆயிரம். யார்டுக்காரரிடம் போனை நீட்டினேன். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே இது புதுச் செய்தி என்றுதான் தோன்றியது. அவருக்கு முன் யார் கையில் வேலை நடந்ததோ. 1,12,000 ஓடிய 320டி என்றால் தப்பில்லை, ஒழுங்காக சர்வீஸ் ஆகியிருந்தால் நானே சிபாரிசு செய்வேன். பொய் சொல்லும் வண்டிக்கு சர்வீஸ் புத்தகம் மட்டும் உண்மை பேசும் என்று நம்ப முடியாது என்பதால் அங்கேயே விட்டுவிட்டேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பத்து வருடக் காரில் ஒரு பதிவுகூட இல்லாமல் சுத்தமாக இருந்தால், அன்று காலையில்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஓட்டும்போது கூலன்ட் வெப்பநிலையையும் ஆப்பில் கவனியுங்கள், ஏனென்றால் டேஷ்போர்டில் அதற்கென்று மீட்டர் கிடையாது. ஹைவேயில் 90 டிகிரியை ஒட்டி நிற்காமல் 70 பக்கம் இறங்கினால் தெர்மோஸ்டாட் போய்விட்டது. இந்த இன்ஜினில் வழக்கமாக வருவதுதான், விலை பேசக் காரணமாகும், விலகிப்போகக் காரணமாகாது.

கியர்பாக்ஸ் எனக்குப் பிடித்த பகுதி. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் செய்த எட்டு கியர் ஆட்டோமேட்டிக். இந்தக் காரில் மிகவும் நம்பகமான பாகமே இதுதான் என்பேன். ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்பது கார் கம்பெனியின் கணக்கு. செய்தவர்களான இசட்.எஃப். தரப்போ 80 ஆயிரத்திலிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவர்கள் கட்சி. ஆயில் மாற்றிய பில் இருந்தால், அந்த ஓனர் காரை அறிந்து வைத்திருந்தவர். ஸ்லோவாகி நிற்கப்போகும் நேரத்தில் கியர் இறங்கும்போது பின்னாலிருந்து இடிப்பது போல் உதறினால் கவனம் தேவை.

டயர்களில் 'ஆர்.எஸ்.சி.' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயருக்கான அடையாளம். விலை அதிகம் என்பதால் விற்கும் முன் சாதாரண டயர் மாட்டிவிடுவது உண்டு. அப்படியென்றால் ஸ்டெப்னி எங்கே என்று கேளுங்கள்.

சென்னை வண்டி என்றால் வெள்ளம் பற்றிய சந்தேகத்தைத் தவிர்க்க முடியாது. 2015 டிசம்பரில் மூழ்கியவற்றில் சில, இன்ஷூரன்ஸ் கம்பெனி கழித்துக்கட்டிய பிறகு கை மாறி, வேறு ஊர்ப் பதிவோடு திரும்பி வந்திருக்கக்கூடும். சீட்டின் வாசனையை நம்பாதீர்கள், அதற்கு ஸ்ப்ரே இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கோடு இருந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும். இந்தக் காரின் பேட்டரி டிக்கிக்குள், தரைக்குக் கீழே இருக்கிறது. அதைச் சுற்றித் துரு இருந்தாலோ சீட் தண்டவாளங்கள் அரித்திருந்தாலோ விலையே பேச வேண்டாம்.

பேப்பரில் எல்லோரும் ஆர்.சி.யைத்தான் புரட்டுவார்கள். நான் முதலில் கேட்பது இன்ஷூரன்ஸ் பாலிசியை. அதில் என்.சி.பி., அதாவது கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி, 50 சதவீதம் என்றால், அந்த ஓனர் தொடர்ந்து ஐந்து வருடமாக கிளெய்ம் செய்யவில்லை. "ஒரு கீறல்கூட இல்லை" என்கிற வண்டியின் பாலிசியில் பூஜ்யம் இருந்தால், போன வருடம் என்ன நடந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இந்தச் சலுகை ஓனருக்குச் சொந்தம், காருக்கு அல்ல. வாங்கும் உங்களுக்கு அது வராது. டெல்லி பதிவு என்றால் இன்னொரு கணக்கு: பத்து வருடம் கடந்த டீசல் கார்களுக்கு அங்கே 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையால் பல வண்டிகள் மலிவாகத் தெற்கே வந்தன. என்.ஓ.சி.யும் இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்ந்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

சேஸிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளோடு டீலர் சர்வீஸ் சென்டரில் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தென் கொரியாவில் டீசல் கார்கள் தீப்பிடித்ததைத் தொடர்ந்து, இ.ஜி.ஆர். கூலர் கசிவுக்காக 2018-ல் உலக அளவில் சுமார் 16 லட்சம் பி.எம்.டபிள்யூ. கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அப்படி ஏதாவது பாக்கி இருக்கிறதா என்பது அங்கே தெரியும்.

என்னைக் கேட்டால், 2016-ல் வந்த பி47 இன்ஜின் 320டி-க்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கலாம்: 190 ஹெச்.பி., செயின் பின்னால்தான் என்றாலும் வடிவமைப்பு தேறியது. பத்து லட்சம் பட்ஜெட் என்றால் எட்டு லட்ச ரூபாய் காரைத் தேடுங்கள். மீதி இரண்டு லட்சம், முதல் வருடத்திலேயே ஆயில், டயர், பிரேக், சஸ்பென்ஷன் புஷ் என்று செலவாகிவிடும்.