முடிச்சுக்கு ஒரு பேர்

மாயக்கதை எழுத வரும் நம் இளையவர்களிடம் ஒரு பழக்கத்தைக் காண்கிறோம். மந்திரவாதி கயிற்றில் முடிச்சொன்று போடுவான். உடனே 'மகா நாகபந்தனம்' என்றோ, ஆங்கிலப் படத்தில் கேட்ட மாதிரியோ ஒரு பேர் அதன்மேல் வந்து உட்காரும். பேர் பெரிசுதான். ஆனால் யார் போட்ட முடிச்சு, எதற்குப் போட்டது, எப்படி அவிழும்? இந்த மூன்றில் ஒன்றையாவது சொல்லாத பேர் வெறும் சோடனை.

தொழில் செய்கிறவர்கள் பேர் வைத்த விதத்தைப் பாருங்கள். க்ளிஃபர்ட் ஆஷ்லி 1944இல் வெளியிட்ட முடிச்சு நூலில் 3,800க்கு மேற்பட்ட பதிவுகள் உண்டு. இரண்டு கயிறுகளைப் பொருத்தும் ஒரே முடிச்சைக் கப்பற்காரன் பாய்க்கயிற்றின் பேரால் அழைக்கிறான்; அறுந்த இழையைப் பொருத்தும் தறிக்காரனுக்கோ அது நெசவாளர் முடிச்சு. முடிச்சு ஒன்று, கை இரண்டு, ஆகவே பேரும் இரண்டு. நம் தமிழும் இதில் ஏழையல்ல. உருவினால் இறுகும் சுருக்குக்கு 'உருவாஞ்சுருக்கு' என்று பேர். சொல்லைக் கேட்டாலே கயிறு ஓடும் விதம் தெரிகிறது. மரங்களைக் கட்டியதால் கட்டுமரம். காசைத் துணி முந்தியில் முடிந்து வைத்த காலத்துத் திருடன் 'முடிச்சுமாறி'.

முஸ்லிம் வாசகனுக்கு இன்னொரு பொக்கிஷமும் இருக்கிறது. அரபியில் 'உக்தா' என்றால் முடிச்சு. ஸூரத்து தாஹாவில் மூஸா (அலை) அவர்கள் தமது நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைஞ்சுகிறார்கள். ஸூரத்துல் பகராவில் நிக்காஹ்வே ஒரு முடிச்சு. கல்யாண வீட்டில் நாம் சொல்லும் 'அக்து' அதே வேரில் பிறந்தது. ஸூரத்துல் பலக்கிலோ முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடப்படுகிறது. ஒரே வேரில் உடன்படிக்கையும் இருக்கிறது, சூனியமும் இருக்கிறது. எனவே கதாநாயகன் வாக்குக் கொடுத்துப் போடும் முடிச்சையும் சூனியக்காரன் ஊதிப் போடும் முடிச்சையும் 'மந்திர முடிச்சு' என்ற ஒரே பேரால் அழைக்கும் கதை, வாசகனின் மனசில் ஏற்கனவே இருக்கும் வேறுபாட்டை அழித்துவிடுகிறது. இது சொல்லழகு பற்றிய சின்ன விஷயமல்ல. நன்மை தீமையைக் கதை எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்ற விஷயம்.

எல்லா முடிச்சுக்கும் பேர் வேண்டும் என்றும் இல்லை. உறங்குபவனின் பிடரியில் ஷைத்தான் போடும் மூன்று முடிச்சுகளைப் பற்றிய புகாரி ஹதீஸில் அவற்றுக்குத் தனிப் பேர் கிடையாது. இறைநினைவால் ஒன்று, வுழூவால் ஒன்று, தொழுகையால் ஒன்று அவிழ்கிறது. அவிழும் விதமே அடையாளம். ஆயிரத்தொரு இரவுகளில் ஜின் அடைபட்ட ஜாடிக்கு ஸுலைமான் நபியின் முத்திரை. மூடியவர் யாரென்று தெரிந்ததும் உள்ளே கிடப்பதன் பயங்கரமும் தெரிந்துவிடுகிறது. கதையில் திரும்ப வரப்போகிற முடிச்சுக்கு மட்டும் பேர் வைத்தால் போதும்.

பேரை எங்கே தேடுவது? எங்கட கலவானைப் பக்கம் கயிறு இல்லாத தொழில் குறைவு. மாணிக்கக் குழியிலிருந்து கூடை கயிற்றில் ஏறுகிறது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் தாங்குகிறது. சிங்கராஜ ஓரத்தில் கித்துள் சீவுகிறவரின் உயிர் கட்டின் உறுதியில் இருக்கிறது. இந்தக் கைகளுக்குத் தெரிந்த கட்டுகளை அவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பேர் கிடைக்காவிட்டால் வேலையிலிருந்து ஒன்றை ஆக்குங்கள். குழிக்குள் கூடை விடும் முடிச்சைக் கதையின் தொடக்கத்தில் 'கூடையிறக்கி' என்று அறிமுகப்படுத்துங்கள். பிறகு அதே முடிச்சில் ஒரு பிள்ளையை ஜின்னின் கிணற்றுக்குள் இறக்கும்போது வாசகனுக்கு நெஞ்சு பதறும். 'மகா நாகபந்தன'த்தில் அந்தப் பதற்றம் வராது.

1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதிய சித்திலெப்பை, கெய்ரோவின் கதையைத் தமிழில் சொல்ல நம்மவரின் புழங்கு சொற்களுக்கு அஞ்சவில்லை. மாய உலகம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், அங்கே கயிறு பிடிக்கும் கை நாம் அறிந்த கையாக இருந்தால்தான் அந்த உலகத்தை நம்புவோம்.