முந்திப் போனால் முந்த முடியுமா?

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பது நம் ஊர்ப் பழமொழி. பள்ளிச் சுற்றுலாவோ குடும்பச் சுற்றுலாவோ பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போவதென்று முடிவானவுடன், யாராவது ஒரு பெரியவர் இந்தப் பழமொழியின் முதற்பாதியை நினைவூட்டுவார். "கதவு திறக்கும்போதே அங்கே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நாள் முழுதும் வரிசையில்தான் போகும்" என்பார். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், மதுரை அதிசயம், கொச்சியில் 2000-ஆம் ஆண்டு வீகாலாண்டு என்ற பெயரில் தொடங்கிய வாண்டர்லா ஆகிய எந்தப் பூங்காவுக்குப் போவதானாலும் இதே அறிவுரைதான்.

இந்த அறிவுரை சரிதானா? எவ்வளவு தூரம் சரி? அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? பலரும் ஆராயாமலே ஏற்றுக்கொண்ட கருத்து இது. கூட்டல், கழித்தல் தெரிந்த எவரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வாருங்கள், பார்ப்போம்.

வரிசை எப்படி வளர்கிறது?

ஒரு பூங்காவில் புகழ்பெற்ற ராட்டினம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் 20 இருக்கைகள். ஆட்களை ஏற்றி, சுற்றி, இறக்கிவிட 4 நிமிடம் ஆகிறது. அப்படியானால் ஒரு மணிக்கு 15 சுற்று. ஏறக்கூடியவர்கள் 300 பேர். எவ்வளவு கூட்டம் வந்தாலும் இந்த 300 மாறாது. காலை 10 மணிக்குப் பூங்கா திறக்கிறது. ராட்டினத்தைத் தேடி வருவோர் எண்ணிக்கை கீழ்க்கண்டவாறு இருக்கட்டும். (எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை.)

10 – 11 மணி: வருவோர் 200, ஏறுவோர் 200, மணி முடிவில் நிற்போர் எவருமில்லை.
11 – 12 மணி: வருவோர் 450, ஏறுவோர் 300, நிற்போர் 150.
12 – 1 மணி: வருவோர் 450, ஏறுவோர் 300, நிற்போர் 300.
1 – 2 மணி: வருவோர் 300, ஏறுவோர் 300, நிற்போர் 300.
2 – 3 மணி: வருவோர் 200, ஏறுவோர் 300, நிற்போர் 200.
3 – 4 மணி: வருவோர் 150, ஏறுவோர் 300, நிற்போர் 50.

இந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பகல் 1 மணிக்கு மேல் கூட்டம் வருவது குறைந்துவிட்டது. ஆயினும் 2 மணிக்கு வந்து நிற்பவர், தமக்கு முன்னே 300 பேரைக் காண்கிறார். அவர் 60 நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்போது வருகிறவர்களால் உண்டானதல்ல அந்த வரிசை. 11 மணி முதல் 1 மணி வரை ஏற முடியாமல் மிஞ்சியவர்கள் சேர்ந்து சேர்ந்து உண்டானது. வரவைவிடச் செலவு மிகும்போது கடன் ஏறுவதைப் போலத்தான் வரிசையும். செலவைக் குறைத்த மறுநாளே பழைய கடன் தீர்ந்துவிடுவதில்லை அல்லவா?

அறிவுரையில் உள்ள உண்மை

ஆகவே அறிவுரை முற்றிலும் பொய்யல்ல. 10 மணிக்கு வந்தவர் காத்திருக்காமல் ஏறுகிறார். பகல் 1 மணிக்கு வந்தவர் ஒரு மணி நேரம் நிற்கிறார். இப்படிப்பட்ட ராட்டினங்கள் மூன்று இருந்தால், முன்னவருக்கு மிச்சமாகும் நேரம் மூன்று மணி. நுழைவுக் கட்டணம் இருவருக்கும் ஒன்றே!

ஆனால் அறிவுரை சொல்வோர் கவனிக்காத இரண்டு செய்திகள் இதே பட்டியலில் உள்ளன.

முதலாவது, 10 மணிக்கு வந்தவருக்கும் 10.45-க்கு வந்தவருக்கும் வேறுபாடு இல்லை. இருவருக்கும் வரிசை இல்லை. கதவுக்கு முன்னால் போக வேண்டியதில்லை. கூட்டத்துக்கு முன்னால் போனால் போதும். இந்த முக்கால் மணி நேர வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். வெகு தூரத்திலிருந்து வருவோருக்கு அது அற்பமல்ல என்பதைப் பின்னர் காண்போம்.

இரண்டாவது, மாலை 4 மணிக்கு வருபவர் 10 நிமிடமே நிற்கிறார். அதாவது நாளின் முதற்பகுதியைப் போலவே கடைசிப் பகுதியும் நல்லது. நடுப்பகலில் வரிசையில்லாத அலைக்குளத்தில் குளித்துவிட்டு, பிற்பகலில் ராட்டினத்துக்குப் போகிறவர் முந்தி வராமலே முந்திக்கொள்கிறார்.

எல்லோரும் முந்தினால்?

பந்திக்கு முந்துகிறவருக்குச் சூடான சோறு கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் முதல் பந்தியில் போடும் இலை இத்தனை என்று கணக்கு உண்டு. கல்யாண வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் முதல் பந்திக்கே முந்தினால் இலை கூடுமா? வாசலில் நெருக்கம்தான் கூடும்.

நம் ராட்டினத்திலும் அதைச் செய்து பார்ப்போம். 11 மணி முதல் 1 மணி வரை வரவிருந்த 900 பேரில் 500 பேர் இந்த அறிவுரையைக் கேட்டு, 10 மணிக்கே வந்துவிடுகிறார்கள். ஏற்கெனவே வந்துள்ள 200 பேரோடு சேர்த்து 700 பேர் கதவருகே நிற்கிறார்கள். கதவு திறந்தவுடன் எல்லோரும் ராட்டினத்துக்கு ஓடினால் கடைசி ஆளுக்கு 35-ஆவது சுற்றில்தான் இடம். அவர் நிற்க வேண்டியது 136 நிமிடம்! முன்பு மிக மோசமான நேரத்தில் வந்தவர்கூட 60 நிமிடமே நின்றார். கதவு திறக்கும் முன் வெளியே நின்ற நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

ஒருவருக்கு நன்மை தரும் அறிவுரை, எல்லோரும் கேட்டால் பயனற்றதாகிவிடுகிறது. குறுகிய பாலத்தில் சேரும் வண்டிகளின் நெருக்கடியை இந்தக் கோணத்தில் ஆராய்ந்தவர் வில்லியம் விக்ரி என்ற பொருளியல் அறிஞர். 1969-இல் அவர் விளக்கியது இது: நெரிசலின் நடுவில் வருபவர் வரிசையில் நின்று விலை கொடுக்கிறார், மிக முந்தி வருபவர், தேவைக்கு முன்பே வந்துவிட்டதன் மூலம் விலை கொடுக்கிறார். ஒவ்வொருவரும் தமக்கு இலாபமான நேரத்தைத் தேடித் தேடி மாற்றிக்கொண்டே போனால், இறுதியில் எல்லோரும் கொடுக்கும் மொத்த விலை ஏறத்தாழச் சமமாகிவிடும். விக்ரிக்கு 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வரிசையில் நிற்காதவரும் விலை கொடுத்திருக்கிறார் என்பதே இதன் சாரம். எங்கே கொடுத்தார் என்று தேட வேண்டும்.

சாத்தான்குளத்திலிருந்து ஒரு பேருந்து

சாத்தான்குளத்துப் பள்ளி ஒன்று மதுரைப் பூங்காவுக்குச் சுற்றுலா போவதாகக் கொள்வோம். தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வழியில் காலை உணவு, ஓய்வு எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். 9.30 மணிக்கே கதவருகே நிற்க வேண்டுமென்றால் அதிகாலை 4 மணிக்குப் பேருந்து கிளம்ப வேண்டும். தட்டார்மடத்திலிருந்தும் பேய்க்குளத்திலிருந்தும் முதலூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் அதற்கு முன்பே பள்ளி வாசலுக்கு வந்தாக வேண்டும். அவர்கள் எழுவது 2.30 மணிக்கு. சுற்றுலா மகிழ்ச்சியில் முந்திய இரவு 10 மணிவரை எவரும் படுத்திருக்க மாட்டார்கள். 13 முதல் 18 வயது வரை உள்ளோருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் கருத்து. இவர்களுக்குக் கிடைத்தது 4 மணி நேரம். ராட்டினத்தில் மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்த, உறக்கத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் செலவழித்தாயிற்று!

பிள்ளைகளாவது பேருந்தில் தூங்கலாம். ஓட்டுநர் தூங்கலாமா?

நம் உடலில் ஒரு கடிகாரம் இயங்குகிறது. அது எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை உடலின் வெப்பநிலை தாழ்ந்து, விழிப்புணர்வும் மங்கும் நேரம். நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கும் இந்த நேரத்தில் கண் செருகும். 1997-இல் டாசன், ரீட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இன்னொரு அளவீட்டை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வகுத்த எல்லை 30 மில்லிகிராம். காலை 6 மணிக்கு எழுந்து பகலெல்லாம் வண்டி ஓட்டியவர், இரவு 11 மணிக்கு அடுத்த சுற்றுலாவைத் தொடங்கினால் அவருடைய நிலை என்னவென்று நீங்களே கணக்கிடுங்கள். குடித்தவரை ஊதச் சொல்லிப் பிடிக்கலாம். தூக்கத்தைக் காட்டும் கருவி எதுவும் சோதனைச் சாவடியில் இல்லை.

பட்டியலில் கண்ட அந்த முக்கால் மணி நேரம் இங்கேதான் பெறுமதி பெறுகிறது. 10.45-க்குப் போய்ச் சேர்ந்தாலும் வரிசை இல்லையென்றால், பேருந்து 5.15-க்குக் கிளம்பினால் போதும். பயணத்தின் பெரும்பகுதி விடிந்த பிறகு நடக்கும்.

கதவில்லாத பூங்கா

குற்றாலம் நம் பக்கத்தாருக்கு இயற்கை தந்த பூங்கா. ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் காலத்தில் சாத்தான்குளத்திலிருந்தும் வேன் வேனாகக் கிளம்புவார்கள். "விடியுமுன் போய்விட்டால் அருவி நமக்கே" என்ற பேச்சு அங்கேயும் உண்டு.

ஆனால் அருவிக்கும் ராட்டினத்துக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. ராட்டினத்தில் 4 நிமிடம் முடிந்தால் இறங்கியே ஆகவேண்டும். அருவியில் எத்தனை நிமிடம் நிற்பது என்பது குளிப்பவரின் விருப்பம். பாறையோரம் ஒரே நேரத்தில் 50 பேர் நிற்க இடமிருந்து, ஒவ்வொருவரும் 10 நிமிடம் நின்றால் மணிக்கு 300 பேர் குளிக்கலாம். 5 நிமிடத்தில் நகர்ந்தால் 600 பேர் குளிக்கலாம். காவலர் விசிலடித்து நகரச் சொல்வது நம்மை விரட்டுவதாகத் தோன்றும். உண்மையில் அவர் அருவியை இரண்டாக்குகிறார்! இங்கே வரிசையைக் குறைக்கும் வழி பின்னிரவில் கிளம்புவதில் இல்லை. குளித்தவர் இடம் விடுவதில் இருக்கிறது. நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் முதலில் வந்தவருக்கும் அனுமதி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

காசு கொடுத்து முந்துதல்

நேரம் குறித்த சீட்டு என்பது இன்னொரு வழி. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காவில் 1999-இல் இம்முறை வந்தது. குறித்த நேரத்தில் வந்தால் அதிகம் நிற்காமல் ஏறலாம். அதுவரை வேறெங்கும் உலவலாம். அப்போது அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. 2021-இல் அம்முறை நிறுத்தப்பட்டு, காசு கொடுத்து வாங்கும் முறை வந்தது. நம் நாட்டிலும் வாண்டர்லா போன்ற பூங்காக்களில் கூடுதல் கட்டணத்துக்கு விரைவுச் சீட்டு உண்டு.

இதையும் கணக்கால் சோதியுங்கள். விரைவுச் சீட்டு விற்றதால் ராட்டினத்தின் 20 இருக்கை 21 ஆகிவிடாது. மணிக்கு 300 பேரில் 100 இடங்கள் விரைவுச் சீட்டுக்காரருக்குப் போனால், மற்றவருக்கு மிஞ்சுவது 200. பொது வரிசையில் முன்னே 300 பேர் நின்றால், 60 நிமிடக் காத்திருப்பு 90 நிமிடமாகும். ஒருவர் வாங்கிய நேரம் இன்னொருவர் இழந்த நேரம். அரசுப் பள்ளி மாணவர் எந்த வரிசையில் நிற்பார் என்று சொல்ல வேண்டுமா? எல்லோருக்கும் ஒரே விலையில் நேரம் பிரித்துத் தரும் சீட்டு நியாயமானது. முந்துவதற்கென்று விற்கும் சீட்டு அப்படியல்ல.

அப்படியானால் என்ன செய்வது?

நேரத்தை மாற்றுவதைவிட நாளை மாற்றுங்கள். இதற்குச் சான்று தருவது, டென்மார்க்கின் ஏர்லாங் 1909-இல் தொடங்கி வைத்த கணிதம். கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகள் காத்திருக்க நேர்வதை ஆராய்ந்தவர் அவர். சீட்டுக் கொடுக்கும் சாளரம் ஒன்றே ஒன்று. மக்கள் ஒழுங்கின்றி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் ஒரே அளவல்ல. சாளரத்தின் திறனில் 80 விழுக்காடு கூட்டம் வந்தால் அங்கே சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 90 விழுக்காடானால் 9 பேர். 95 விழுக்காடானால் 19 பேர்! கூட்டம் சிறிது கூடினாலும் வரிசை பல மடங்காகிறது. ஆகவே கூட்டம் சிறிது குறைந்த நாளைத் தேர்ந்தெடுத்தாலும் வரிசை பல மடங்கு குறையும். விடுமுறை நாளின் விடியற்காலையைவிட, வேலை நாளின் சாதாரணக் காலை மேல். குடும்பங்களுக்கு இது எளிதல்ல, பள்ளிகளுக்கு எளிது. செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ தேர்ந்தெடுக்கத் தலைமையாசிரியரின் ஒரு கையெழுத்துப் போதும்.

அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். உங்களுக்கு முன்னே நிற்பவர்களை எண்ணுங்கள். அதை இருக்கைகளின் எண்ணால் வகுத்து, ஒரு சுற்றுக்கு ஆகும் நிமிடத்தால் பெருக்குங்கள். கிடைப்பது நீங்கள் நிற்கப்போகும் நேரம். அரை மணிக்கு ஒருமுறை அதைக் குறித்து வந்தால், அந்தப் பூங்காவில் கூட்டம் எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கும். அதை உங்கள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு சுற்றுலாவுக்குப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை வழிவழி வந்த அறிவுரையைக் கேட்காமல், அந்தப் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்யலாம்.