கேட்டதெல்லாம் தரும் கெர்னல்

16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு லினக்ஸ் கணினியில் ஒரு நிரல் 10 ஜிபி கேட்கிறது. தந்தாயிற்று என்று பதில் வருகிறது. இரண்டாவது நிரலும் 10 ஜிபி கேட்கிறது. அதற்கும் அதே பதில். மூன்றாவது வந்து நின்றாலும் இயங்குதளத்தின் கருவான கெர்னல் முகம் சுளிப்பதில்லை. ஏனென்றால் இதுவரை யாருக்கும் எதுவும் தரப்படவில்லை. இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை உன்னுடையது என்று ஒவ்வொரு நிரலின் கணக்கிலும் ஒரு வரி எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த முகவரியில் நிரல் முதல் பைட்டை எழுதப்போகும்போதுதான் செயலி வேலையை நிறுத்திவிட்டுக் கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் 4096 பைட் கொண்ட ஒரு வெற்றுப் பக்கத்தைத் தேடியெடுத்து, பூஜ்யங்களால் நிரப்பி, அட்டவணையில் சேர்த்துவிட்டு விலகும். இடையில் நடந்தது எதுவும் நிரலுக்குத் தெரியாது. மூன்று நிரல்களும் கேட்டதையெல்லாம் உண்மையிலேயே பயன்படுத்தத் தொடங்கினால், வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் இடமும் தீர்ந்து, எங்கே தேடினாலும் பக்கம் கிடைக்காத நேரம் வரும். அப்போது கெர்னல் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். முன்னறிவிப்பு கிடையாது. கோப்புகளை மூடவோ பாதி வேலையைக் காப்பாற்றவோ அவகாசமும் கிடையாது.

இந்த ஏற்பாட்டுக்கு ஓவர்கமிட் என்று பெயர். லினக்ஸில் இதுவே வழக்கம். கெர்னல் பொய் சொல்கிறது என்று இதைத் திட்டுவோர் உண்டு, இருக்கும் நினைவகத்தை இதைவிடச் சிக்கனமாகப் பயன்படுத்த முடியாது என்று புகழ்வோரும் உண்டு. இரு தரப்பாரும் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நிரலுக்கும் நினைவகச் சில்லுக்கும் நடுவில் நிற்கும் மெய்நிகர் நினைவகம் என்னும் அடுக்கு, தரவு எங்கே இருக்கிறது என்பதை நிரலிடமிருந்து மறைக்கிறது. அதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் மறைக்கிறது. முதல் மறைப்பால் விளைந்தது ஏறக்குறைய முழுவதும் நன்மை. இரண்டாவது மறைப்பு கடன். வாங்கியவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர் என்பதுதான் அதிலுள்ள கோளாறு.

இடத்தை மறைக்கும் யோசனைக்கு வயது அறுபதுக்கு மேல். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் அவர் குழுவினரும் உருவாக்கி 1962-இல் தொடங்கிவைத்த அட்லஸ் கணினியில், 16 ஆயிரம் சொல் கொள்ளும் காந்த வளைய நினைவகமும் 96 ஆயிரம் சொல் கொள்ளும் சுழல் உருளையும் நிரலாளரின் கண்ணுக்கு ஒரே நினைவகமாகத் தெரிந்தன. 512 சொல்லுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, வேக நினைவகத்தில் ஒரே சமயத்தில் 32 பக்கங்களை வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பெல்லாம் நிரலின் எந்தப் பகுதி எப்போது உருளையிலிருந்து ஏறவேண்டும், எப்போது இறங்கவேண்டும் என்று நிரலாளரே உட்கார்ந்து எழுதவேண்டியிருந்தது. இன்றைய 64 பிட் செயலிகள் பலவற்றில் அதே யோசனை 48 பிட் முகவரியாக, 256 டெராபைட் பரப்பாக விரிந்திருக்கிறது. முகவரியின் முதல் 36 பிட்டை ஒன்பது ஒன்பதாக உடைத்து நான்கு அட்டவணைகளில் அடுத்தடுத்துத் தேட, பக்கம் கிடைக்கும். மிச்சமுள்ள 12 பிட், பக்கத்துக்குள் எந்த பைட் என்று காட்டும். ஒவ்வொரு வாசிப்புக்கும் இப்படி நான்கு முறை அலைந்தால் கட்டுபடியாகாது என்பதால், அண்மையில் தேடிய விடைகளைச் செயலி டிஎல்பி என்னும் தன் சிறு குறிப்பேட்டில் குறித்து வைத்துக்கொள்கிறது. இந்தச் சிறு செலவுக்குக் கிடைப்பது மிகப் பெரிது. ஒரு நிரலின் பிழை இன்னொன்றின் தரவைத் தொடாது. நூறு நிரல்கள் பயன்படுத்தும் ஒரு நூலகத்துக்கு நினைவகத்தில் ஒரே பிரதி போதும். நினைவகச் சில்லின் குறையைக் காட்டிய 2014-இன் ரோஹாமர் ஆய்வும் 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன் என்ற செயலிக் குறையும் இந்தச் சுவரிலும் விரிசல் விழும் என்று காட்டியது உண்மை. ஆனால் அங்கே வாக்குத் தவறியது வன்பொருள், யோசனை தவறவில்லை.

பற்றாக்குறையை மறைக்கும் பழக்கத்துக்குப் பெரிய காரணம், யுனிக்ஸின் ஃபோர்க். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், அதாவது ஒரு பிராசஸ், தன்னை அப்படியே நகலெடுத்துக்கொள்ளும் அழைப்பு அது. ரெடிஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். தன் தரவு முழுவதையும் அது நினைவகத்திலேயே வைத்திருக்கும். 10 ஜிபி தரவை வட்டில் பதிவு செய்ய நேரும்போது ஃபோர்க் செய்து ஒரு பிள்ளையை உருவாக்கி, எழுதும் வேலையை அதனிடம் விட்டுவிட்டுத் தன் போக்கில் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும். தாயும் பிள்ளையும் அதே பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. தாய் ஒரு பக்கத்தை மாற்றும்போது அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நகல் எடுக்கப்படும். பதிவு முடிவதற்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு மாறினால் கூடுதல் செலவு அரை ஜிபிதான். கறாராகக் கணக்குப் பார்த்தாலோ பிள்ளைக்கும் 10 ஜிபி எடுத்து வைக்கவேண்டும், 16 ஜிபி கணினியில் ஃபோர்க் தோற்றுப்போகும். அதனால்தான் ஓவர்கமிட்டைத் திறந்துவிடு என்று ரெடிஸ் கிளம்பும்போதே எச்சரிக்கை அச்சிடுகிறது. ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு அறுநூறு இலைக்குச் சமைக்கிற கல்யாண வீட்டுக் கணக்கு இது, பெரும்பாலும் பலிக்கும். பலிக்காத நாளில் கல்யாண வீட்டார் மறுபடி உலை வைப்பார்கள். கெர்னலோ பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை எழுப்பி வெளியே தள்ளுகிறது.

யாரைத் தள்ளுவது என்பதற்கும் விதி இருக்கிறது. 2010-இல் திருத்தி எழுதப்பட்ட முறைப்படி, மொத்த நினைவகத்தில் ஒரு நிரல் பிடித்திருக்கும் பங்கை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணாக்கி, நிர்வாகி குறித்துவைத்த -1000 முதல் 1000 வரையிலான எண்ணை அதோடு கூட்டி, அதிக மதிப்பெண் பெற்றதைக் கெர்னல் கொல்கிறது. ஒரே அடியில் நிறைய இடம் விடுபடும் என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் சர்வரில் அதிக நினைவகம் பிடித்திருப்பது பெரும்பாலும் தரவுத்தளம். அந்த சர்வரை வாங்கியதே அதற்காகத்தான். கடைசிப் பக்கத்தைக் கேட்டு நெருக்கடியைத் தூண்டியது ஒரு பதிவுச் சேகரிப்பு நிரலாக இருக்கலாம். சாவது தரவுத்தளமாக இருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேதம் அத்தோடு நிற்பதில்லை. அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனிப் பிராசஸ். ஒன்று இப்படித் திடீரென்று செத்தால், எல்லாரும் பகிரும் நினைவகம் பாதி எழுதிய நிலையில் கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில், தலைமைப் பிராசஸ் மற்ற இணைப்புகள் அத்தனையையும் அறுத்துவிட்டு மீட்பு வேலையில் இறங்கும். சந்தேகம் சரியானது, அறுப்பதும் சரிதான். யாரோ ஒருவர் கேட்ட மாதாந்திர அறிக்கையை ஓட்டிய இணைப்பு செத்ததற்காக எல்லாருடைய பரிவர்த்தனையும் ரத்தாவதுதான் மிச்சம். அதனால் போஸ்ட்கிரெஸ் ஆவணங்கள் ஓவர்கமிட்டை மூடச் சொல்கின்றன. ரெடிஸ் திறக்கச் சொல்கிறது, போஸ்ட்கிரெஸ் மூடச் சொல்கிறது. இருப்பதோ கணினிக்கு ஒரே திருகு. இரண்டையும் ஒரே கணினியில் ஓட்டுகிறவர் யார் பேச்சைக் கேட்பது? ஒவ்வொரு நிரலும் தன் தேவைக்கேற்பச் செய்துகொள்ளவேண்டிய ஒப்பந்தத்தைக் கணினி முழுவதற்கும் பொதுவான ஒரு குணமாக மாற்றியதன் விளைவு இது.

ஓவர்கமிட்டை ஆதரிப்போர் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. நினைவகம் இல்லை என்று கெர்னல் நேர்மையாக மறுத்தால்தான் என்ன நடந்துவிடும்? நினைவகம் கிடைக்காத நிலையைச் சமாளிக்கும் குறியீட்டைப் பெரும்பாலான நிரல்கள் எழுதுவதே இல்லை, எழுதினாலும் சோதிப்பதில்லை. எப்படியும் சாகப்போகிற நிரல், இன்று செத்தால் என்ன, நாளை செத்தால் என்ன என்கிறார்கள். பாதி உண்மை. ஆனால் பதில் ஏறக்குறைய ஒருபோதும் இல்லை என்று வராத மேடையில், இல்லை என்ற பதிலுக்கு யார் குறியீடு எழுதுவார்? காரணத்தை விளைவாகக் காட்டும் வாதம் இது. எதிர்ச் சான்றும் இருக்கிறது. விண்டோஸ் ஓவர்கமிட் செய்வதில்லை. நினைவகமும் வட்டிலுள்ள பேஜ் ஃபைலும் சேர்ந்த வரம்பைத் தாண்டினால் மறுத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் குழுவினர் 2022-இல் அங்கே ஒரு மிக எளிய வழியைச் செய்துபார்த்தார்கள். மறுப்பு வந்ததும் விழுந்துவிடாமல், கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்பது. அந்த இடைவெளியில் விண்டோஸ் பேஜ் ஃபைலைப் பெரிதாக்கியிருக்கும், அல்லது வேறொரு நிரல் எதையாவது விட்டிருக்கும். நினைவகம் போதாமல் உலாவி விழுவது எழுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. கேட்கும் இடத்திலேயே மறுப்பு வந்தால், காத்திருப்பது என்ற மிகச் சாதாரணமான அறிவுகூடப் பயன்படுகிறது. கொலைக்குப் பின் காத்திருக்க யாரும் மிஞ்சுவதில்லை.

அதே ஃபயர்ஃபாக்ஸ் கதை எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான சான்றைக் கொடுக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. அந்த உலாவிகள் விழுந்தபோது பல கணினிகளில் உண்மையான நினைவகம் தாராளமாகக் காலியாக இருந்தது. வாக்களித்த கணக்கு நிரம்பியிருந்தது, நினைவகம் நிரம்பவில்லை. கறாரான கணக்கின் பலவீனம் அதுதான். லினக்ஸிலும் கறார் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதன் இயல்பு அளவு, ஸ்வாப்போடு நினைவகத்தில் பாதி. ஸ்வாப் இல்லாத 16 ஜிபி கணினியில் நிரல்களுக்கு 8 ஜிபிக்கு மேல் வாக்குக் கிடையாது. விகிதத்தைக் கூட்டலாம் என்றாலும், வாங்கிய பொருளில் பாதியைப் பூட்டி வைக்கும் அமைப்பை யாரும் விரும்பிப் போடமாட்டார்கள். எனவே எல்லாரும் கறாருக்கு மாறுங்கள் என்பது என் கட்சி அல்ல. விண்டோஸிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது வேறு. அங்கே முகவரியை ஒதுக்கிக்கொள்வது ஒரு படி, அதற்கு நினைவகம் உண்டு என்ற வாக்கைப் பெறுவது அடுத்த படி. டெராபைட் கணக்கில் முகவரி வேண்டும் நிரல் முதல் படியோடு நிற்கலாம். அது யாருக்கும் பாரமில்லை. இடமும் இருப்பும் தனித்தனிக் கேள்விகள் என்பதை அந்த வடிவமைப்பு ஒப்புக்கொள்கிறது. லினக்ஸின் கறார் முறையிலும், படிக்கவோ எழுதவோ உரிமையில்லாமல் ஒதுக்கிய பகுதி கணக்கில் சேராது. வசதி இருக்கிறது, பழக்கம்தான் இல்லை.

நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னர்கள் வந்தபின் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் வரம்பு வைத்துவிடுகிறோமே என்று சொல்லக் கேட்கலாம். வரம்பு வைத்தார்கள், அதை உள்ளே இருப்பவரிடம் சொல்லவில்லை. அன்றைய ஜாவா இயந்திரம் கிளம்பும்போது கணினியின் மொத்த நினைவகத்தைப் பார்த்து, அதில் கால் பங்கைத் தன் உச்ச அளவாக எடுத்துக்கொண்டது. 64 ஜிபி சர்வரில் 2 ஜிபி வரம்புள்ள கன்டெய்னருக்குள் வைத்தால், தனக்கு 16 ஜிபி உண்டு என்று நம்பி வளர்ந்து, 2 ஜிபியைத் தொட்டதும் கொல்லப்பட்டது. பதிவேட்டில் மிஞ்சியது 137 என்ற வெளியேற்ற எண் மட்டுமே. 2018-இல் வந்த ஜாவா 10-இல்தான் இயந்திரம் கன்டெய்னரின் வரம்பைத் தானாகவே பார்க்கக் கற்றது. அதே ஆண்டில் வட்டின் தரப்பிலும் இதன் உடன்பிறப்பு அகப்பட்டது. போஸ்ட்கிரெஸ் எழுதிய பக்கத்தை வட்டில் சேர்க்க முடியாமல் போனால், லினக்ஸ் ஒருமுறை பிழையைச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைச் சேர்த்தாயிற்று என்று குறித்துக்கொண்டது. வட்டில் சேர்க்கச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பை மறுபடி செய்தால் வெற்றி என்று பதில் வரும். தரவோ வட்டில் இருக்காது. 2019-இல் வந்த திருத்தத்தில் போஸ்ட்கிரெஸ் எடுத்த முடிவு, எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே மொத்தமாக நின்று, தன் பரிவர்த்தனைப் பதிவேட்டிலிருந்து மீண்டு வருவது. கீழடுக்கின் பேச்சை நம்ப முடியாதபோது மேலடுக்குக்கு வேறு வழியில்லை.

நல்ல திசை எது என்பதற்குக் கைப்பேசிகள் உதாரணம். அங்கே நினைவகம் குறைவு என்பது முதல் நாளிலிருந்தே ஒப்பந்தத்தில் இருந்தது. நெருக்கடி வரும்போது ஐபோன் தன் நிரல்களுக்குச் சேதி சொல்கிறது, ஆண்ட்ராய்டும் நெடுங்காலம் சொல்லிவந்தது. பின்னணியில் இருப்பது எப்போது வேண்டுமானாலும் கொல்லப்படலாம் என்பது எழுதியவருக்குத் தெரியும், ஆகவே நிலையைச் சேமித்துவைக்கிறார். லினக்ஸும் தாமதமாக அந்தப் பக்கம் திரும்பியது. 2018 டிசம்பரில் வந்த 4.20 கெர்னலில் பிஎஸ்ஐ என்ற அளவீடு சேர்ந்தது; நினைவகத்துக்காக நிரல்கள் காத்துக்கிடந்த நேரம் கடந்த 10, 60, 300 நொடிகளில் எத்தனை விழுக்காடு என்று அது சொல்லும். எவ்வளவு காலி என்பதைவிட எவ்வளவு தவிப்பு என்பது பயனுள்ள கேள்வி. பக்கங்களை இழுத்துப்போடுவதிலேயே கணினி திணறிப்போகும் நிலையை பீட்டர் டென்னிங் 1968-இலேயே விளக்கிவிட்டார். அதை அளந்து நிரல்களுக்குக் காட்ட லினக்ஸுக்கு இத்தனை காலம் ஆயிற்று. இருந்தாலும் பிஎஸ்ஐ நெருக்கடியை அறிவிக்கிறதே தவிர, வாக்கின் அளவைப் பேசி முடிக்க உதவுவதில்லை. ரெடிஸ் தன் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கூட்டிவைத்து, கொல்வதென்றால் முதலில் இதைக் கொல் என்று கெர்னலிடம் சொல்லலாம். பிள்ளைக்கு 10 ஜிபி வேண்டாம், 1 ஜிபி கணக்கு வைத்தால் போதும் என்று சொல்ல வழியில்லை. ஃபோர்க் எந்த உள்ளீட்டையும் வாங்காத அழைப்பு. அதன் குறைகளைப் பட்டியலிட்டு அதைக் கைவிடச் சொல்லும் ஆய்வுக் கட்டுரை 2019-இலேயே வந்துவிட்டது. புது நிரலைத் தொடங்க மட்டும் ஃபோர்க் செய்கிறவர்கள் போசிக்ஸ் ஸ்பான் என்ற அழைப்புக்கு மாறிக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும் தரவின் ஒரு கணத்து நகல் வேண்டும் ரெடிஸுக்கு அது உதவாது.