கடலும் ஒயினும் ஒரே நாளில்: பயணத்திட்டம் என்ற எழுத்து வகை பற்றி

பயணத்திட்டத்தை யாரும் எழுத்து என்றே கணக்கில் எடுப்பதில்லை. முதல் நாள் இங்கே, இரண்டாம் நாள் அங்கே, இந்த ஓட்டல், இந்த மீன் கடை என்று பட்டியல் போட்ட நாலு பக்கத்துக்கு விமரிசனம் வேற எதுக்கு என்று தோன்றும். ஆனால் ஒரு நாவலை நம்பி யாரும் நானூறு மைல் வண்டி ஓட்டுவதில்லை. பயணத்திட்டத்தை நம்பி ஓட்டுகிறோம். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஓட்டுகிறோம். அப்படிப்பட்ட எழுத்தைக் கொஞ்சம் கறாராகப் படிப்பதில் தப்பில்லை.

நான் எடுத்துக்கொண்ட உதாரணம் கலிபோர்னியா. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை, ஹைவே ஒன் வழியாக, நடுநடுவே ஒயின் தோட்டங்கள். இந்த வகைத் திட்டங்களைச் சில வாரங்களாக வரிசையாகப் படித்தேன். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே எலும்புக்கூடு. காலையில் பிக்ஸ்பி பாலத்தில் போட்டோ, மதியம் மெக்வே அருவி, சாயங்காலம் பாசோ ரோபிள்ஸில் இரண்டு ஒயினரி, ராத்திரி நல்ல சாப்பாடு. படிக்க அழகா இருக்கு. என்னுடைய முதல் குறை, இதில் மலை இல்லை என்பது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பிக் சர் கடற்கரையை ஒட்டி சாண்டா லூசியா மலைத்தொடர் நிற்கிறது. ஒட்டி என்றால் உண்மையிலேயே ஒட்டித்தான். அதன் கோன் பீக் சிகரம் 5,000 அடிக்கு மேல் உயரம். கடலிலிருந்து அதற்கு நேர்க்கோட்டில் சுமார் மூன்று மைல்தான். நம் பாஷையில் சொன்னால் நெய்தலும் குறிஞ்சியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற இடம். மருதத்துக்கு அங்கே இடமே கிடையாது. திராட்சை விளைகிற மருதம் மலைக்கு அந்தப் பக்கம், சலினாஸ் பள்ளத்தாக்கிலும் பாசோ ரோபிள்ஸிலும் இருக்கிறது.

இதை முதலில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் 1769இல் வந்த போர்ட்டோலாவின் ஸ்பானியப் படையினர். கடற்கரையை ஒட்டியே வடக்கே போனவர்கள் இந்த மலைச் சுவரில் முட்டி நின்றார்கள். வேறு வழியில்லாமல் மலையேறி உள்ளே இறங்கி, சலினாஸ் பள்ளத்தாக்கைப் பிடித்தார்கள். பிறகு எழுந்த மிஷன்களில் சான் அந்தோனியோவும் (1771) சான் மிகேலும் (1797) உள்நாட்டில்தான் இருக்கின்றன. கலிபோர்னியாவுக்குத் திராட்சைக் கொடியைக் கொண்டுவந்தவர்கள் மிஷன் பாதிரியார்கள். இன்றைய 101 நெடுஞ்சாலை பெரும்பாலும் அந்த மிஷன் பாதையைத் தொடர்ந்து வருவது. ஆக, ஒயினின் சாலை 101, கடலின் சாலை ஒன்று. நடுவில் மலை. கார்மலுக்கும் கேம்ப்ரியாவுக்கும் நடுவே அந்த மலையைக் கடந்து 101க்குப் போக ஒரே ஒரு தார்ச்சாலை, நசிமியென்டோ-ஃபெர்குசன் ரோடு. ஒடுங்கலான, வளைந்து வளைந்து ஏறும் பாதை. அதை விட்டால் கேம்ப்ரியா வரை தெற்கே வந்து 46இல் திரும்பித்தான் பாசோ ரோபிள்ஸ் போக வேண்டும்.

திட்டங்களில் இது ஒரு வரி: "அங்கிருந்து பாசோ ரோபிள்ஸ்." அந்த ஒரு வரிக்குள் பிக் சர் முழுவதும் இருக்கிறது. கார்மலிலிருந்து சான் சிமியோன் வரை சுமார் 90 மைல். எங்கேயும் நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரம் ஆகும். நிற்காமல் போவதற்கு யாரும் அங்கே போவதில்லை. மைலை வைத்து நேரத்தைக் கணக்குப் போடுகிற பழக்கம் இந்தச் சாலையில் செல்லாது.

இரண்டாவது குறை இன்னும் சுவாரசியமானது. இந்தத் திட்டங்கள் பனிமூட்டத்தைத் திட்டுகின்றன. கோடையில் காலையில் கடலே தெரியாது, மதியம் வரை பொறுங்கள் என்கின்றன. அறிவுரை சரிதான். ஆனால் இரண்டு பத்தி தள்ளி அதே கட்டுரை, சாண்டா ரீட்டா ஹில்ஸின் பினோ நுவார் அபாரம், குளிர்ந்த தட்பவெப்பத்தின் கொடை என்று புகழ்கிறது. இரண்டும் ஒரே பனிமூட்டம் சார்!

கலிபோர்னியாவின் மலைகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடி, கடல்காற்றை மறித்து நிற்பவை. சாண்டா பார்பரா பக்கம் மட்டும் அவை கிழக்கு மேற்காகத் திரும்புகின்றன. அதனால் சாண்டா இனெஸ் பள்ளத்தாக்கு பசிபிக்கைப் பார்த்துத் திறந்த கதவாகிவிடுகிறது. குளிர்ந்த கடலிலிருந்து பனியும் காற்றும் உள்ளே நுழைகின்றன. கிழக்கே போகப் போக மைலுக்கு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடு ஏறும் என்பது அந்த ஊர்க் கணக்கு. மேற்கு முனையில் குளிர் விரும்பும் பினோ நுவார், கிழக்கு முனையில் வெயில் கேட்கும் கபர்னே. அந்த மேற்குப் பகுதியில் பினோ நுவார் நட முடியும் என்று காட்டிய சான்ஃபோர்ட் அண்ட் பெனடிக்ட் தோட்டம் தொடங்கியது 1971இல். பாசோ ரோபிள்ஸில் டெம்பிள்டன் கேப் என்ற மலை இடைவெளி இதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது.

கடலையும் ஒயினையும் ஒரே பயணத்தில் சேர்க்க உண்மையான காரணம் இதுதான். போட்டோவைக் கெடுத்த பனியைத்தான் மறுநாள் கோப்பையில் குடிக்கிறோம். இதைச் சொல்லாத திட்டம் இரண்டு பட்டியல்களை ஒட்டவைக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, சாலை. திட்டங்களில் அது எப்போதும் திறந்தே இருக்கிறது. நிஜத்தில் அது ஓயாமல் கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கும் மலையின் விளிம்பில் வெட்டியது. பல வருடம் வெட்டி 1937இல்தான் திறந்தார்கள். வேலை செய்தவர்களில் சான் குவென்டின் சிறைக் கைதிகளும் உண்டு, கூலி நாளுக்கு 35 சென்ட். 2017 பிப்ரவரியில் ஃபைஃபர் கேன்யன் பாலம் விரிசல் கண்டது, பிறகு இடிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் மட் கிரீக்கில் மலை சரிந்து, சாலையில் கால் மைலை மூடியது. மறுபடி திறக்க 2018 ஜூலை ஆனது. 2021 ஜனவரியில் ராட் கிரீக்கில் சாலையின் ஒரு துண்டே கடலுக்குப் போனது. 2023 ஜனவரியில் மூடிய பால்ஸ் ஸ்லைடு 2024 ஜூனில்தான் திறந்தது. அதற்குள் வேறு இடத்தில் இன்னொரு சரிவு.

எங்கள் தொழிலில் எல்லாம் சரியாக நடந்தால் மட்டும் ஓடுகிற நிரலை யாரும் வாடிக்கையாளர் கையில் கொடுக்க மாட்டோம். நெட்வொர்க் போனால் என்ன, டிஸ்க் நிறைந்தால் என்ன என்று எழுதியாக வேண்டும். இவ்வளவு சரித்திரம் உள்ள சாலைக்குத் திட்டம் எழுதுகிறவர் "மூடியிருந்தால்" என்று ஒரு வரியாவது எழுத வேண்டாமா? அந்த வரி கஷ்டமானதும் இல்லை. வடக்கிலிருந்து போகிற வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, 101 பிடித்து இறங்கு. கிளம்புமுன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலை நிலவரத்தைப் பார். உள்ளே போன் சிக்னல் பெரும்பாலும் கிடையாது, அதனால் முன்னாலேயே பார்.

கடைசிக் குறைதான் எனக்குப் பெரியது. இந்தத் திட்டங்களில் வண்டி ஓட்டுகிறவர் என்று ஒருவரே இல்லை. "நாம்" குடிக்கிறோம், "நாம்" அடுத்த ஒயினரிக்குப் போகிறோம். ஒரு இடத்தில் சுவை பார்க்க நாலைந்து ஒயின் ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் ஒன்று, ஒன்றரை அவுன்ஸ். மொத்தமாகக் கூட்டினால் ஒரு முழுக் கோப்பைக்குக் குறையாது. மூன்று இடம் போனால் மூன்று கோப்பை. கலிபோர்னியாவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்பது சட்டப்படி எல்லை. அதற்குக் கீழே இருந்தாலும் மலை வளைவு சலுகை தராது. ஒவ்வொரு ஒயினரியிலும் துப்புவதற்கு ஒரு வாளி வைத்திருப்பார்கள். நான் படித்த திட்டங்களில் அந்த வாளியைக் குறிப்பிட்டவை அபூர்வம்.

வாளியை மறக்கமுடியாதபடி காட்டியது ஒரு சினிமா, அலெக்சாண்டர் பெய்னின் 'சைட்வேஸ்' (2004). மைல்ஸ், ஜாக் என்ற இரண்டு நண்பர்கள் ஜாக்கின் கல்யாணத்துக்கு முன் ஒரு வாரம் சாண்டா இனெஸ் பள்ளத்தாக்கில் சுற்றுகிறார்கள். தன் நாவல் நிராகரிக்கப்பட்ட வெறுப்பில் மைல்ஸ் (பால் ஜியாமட்டி) அந்தத் துப்பல் வாளியைத் தூக்கி அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்கிறான். ஒயின் ரசனை என்ற கௌரவப் போர்வை அங்கே கிழிகிறது. மாயா (வர்ஜினியா மேட்சன்) பேசும் காட்சியில் இதற்கு நேர் எதிர். ஒயினைக் குடிக்கும்போது அந்த வருடத்து வெயிலையும், அந்தத் திராட்சையைப் பறித்த மனிதர்களையும் அவள் நினைத்துக்கொள்கிறாள். நான் படித்த எந்தத் திட்டத்திலும் பறித்தவர்கள் இல்லை.

ஆனால் இந்தப் படத்துக்கும் என் கடைசிக் குறை பொருந்தும். ஓடும் காரிலேயே பாட்டில் திறக்கிறார்கள், வாரம் முழுக்கக் குடிக்கிறார்கள், ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. படத்தில் வரும் ஒரே கார் விபத்து பொய் விபத்து. உடைந்த மூக்குக்கு வருங்கால மனைவியிடம் காரணம் சொல்ல, ஜாக் வேண்டுமென்றே காரை மரத்தில் மோதுகிறான். இது நல்ல நகைச்சுவைதான், சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, மோதாமல் போன அத்தனை இரவுகளும் நினைவுக்கு வந்தன.

சரி, குறை சொல்வது சுலபம், நீ எப்படி எழுதுவாய் என்று கேட்கலாம். கடலுக்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்குவேன், அன்று ஒயின் கிடையாது. வடக்கிலிருந்து தெற்கே ஓட்டினால் கடல் பக்கத்து லேனில் போகலாம், ஓரம் கட்டுவது சுலபம். இதைப் பல திட்டங்களும் சொல்கின்றன, சரியாகவே சொல்கின்றன. ராத்திரி கேம்ப்ரியாவில் தங்கல். மறுநாள் 46 வழியாக மலை தாண்டி பாசோ ரோபிள்ஸ். அங்கே ஊருக்கு நடுவில், நடந்து போகிற தூரத்திலேயே ஒயின் சுவைக்கும் கடைகள் இருக்கின்றன. அறை எடுத்துச் சாவியை மேஜையில் போட்டுவிட்டு நடந்து போகலாம். தோட்டத்தையே பார்க்க வேண்டும் என்றால் வாடகை வண்டி, அல்லது குடிக்காத ஒருவர். அந்த ஒருவர் யார் என்று கிளம்புமுன்னே திட்டத்தில் பெயர் போட்டு எழுதிவிட வேண்டும்.