அடிக்கும் தகப்பனும் அடுக்குமாடி வீடும்

வளர்ந்த பிள்ளையையும் கைநீட்டி அடிக்கும் தகப்பனைத் தமிழ்த் திரைப்படம் நெடுங்காலமாகக் ‘கண்டிப்பானவர்’ என்றே அறிமுகப்படுத்தி வந்தது. திருமுருகன் இயக்கி 2006இல் வெளிவந்த ‘எம் மகன்’ அந்தப் பூச்சைச் சற்றுச் சுரண்டிப் பார்த்தது. நாசர் நடித்த மளிகைக் கடைக்காரர், பரத் நடித்த மகனைக் கடைப் பையனைப் போல வேலை வாங்குகிறார். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினால் வீடே அடங்கிப் போகும் என்பதைத் தாயாக வரும் சரண்யாவின் முகம் சொல்லிவிடுகிறது. வடிவேலு சிரிக்க வைக்கும் இடங்கள் பலவற்றுக்கும் அடியில் இருப்பது பயம்தான். படத்தின் பலம் இதுவே.

குறை பிற்பகுதியில் இருக்கிறது. காதலித்து வெளியேறிய மகன் சொந்தக் காலில் நின்று காட்டுகிறான், குடும்பம் ஒன்றுசேர்கிறது. மகன் முன்னுக்கு வந்துவிட்டதால், பட்ட அடியெல்லாம் நல்லதற்குத்தான் என்று ஆகிவிடுகிறது. முன்னுக்கு வராத மகன்களைப் பற்றிக் கதைக்குக் கவலையில்லை. ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ (2008) படத்தில் பிரகாஷ்ராஜ் அடிப்பதில்லை, பாசத்தாலேயே நெரிக்கிறார். மகன் மனம்விட்டுப் பேசியதும் இளகுகிறார். பேசினால் கேட்கும் தகப்பன் வாய்த்தவனுக்குப் பாதிச் சிக்கல் தீர்ந்த மாதிரிதான்.

வெளியேறுவதே எளிதில்லாத ஊரில் இந்தக் கதை வேறாகிறது. சிங்கப்பூரின் கிளமெண்டியில் 1970களிலிருந்து எழுந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) மூவறை வீடுகளில் படுக்கையறை இரண்டுதான். சமையலறைக்குப் போகக் கூடத்தைக் கடக்க வேண்டும்; கூடத்தில் தகப்பன் உட்கார்ந்திருப்பார். மணமாகாதவர் பொதுவாக 35 வயதுக்கு முன் தனியாக வீவக வீடு வாங்க முடியாது. வாடகை அறையோ சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கும்.

இந்த நெருக்கடியைத் தொட்ட படம், கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’. 2016இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. சிறையிலிருந்து திரும்பும் சிவாவின் அறையைத் தாய் வாடகைக்கு விட்டிருக்கிறாள். இங்கே பிழை மகனுடையது. ஆனாலும் யாரையும் சேர்த்துவைக்க இயக்குநர் அவசரப்படவில்லை. சீமா பிஸ்வாஸ் நடித்த தாயின் மனத்துக்குள் படம் போதிய அளவு நுழையாதது மட்டும் குறை.

கொடுமை செய்த பெற்றோருக்குப் பிள்ளை என்ன கடன்பட்டிருக்கிறான் என்ற விஷயத்தில் சிங்கப்பூர்ச் சட்டம் திரைக்கதையைவிடத் துணிச்சலானது. 1995ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, தம்மைப் பராமரித்துக்கொள்ள முடியாத 60 வயதைக் கடந்த பெற்றோர் பிள்ளைகளிடம் பணம் கேட்டு நடுவர் மன்றம் போகலாம். ஆனால் பிள்ளையைக் கொடுமைப்படுத்தியோ கைவிட்டோ இருந்தால் மன்றம் தொகையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். 2023இல் நிறைவேறிய திருத்தம், அப்படிப்பட்ட பெற்றோர் விண்ணப்பிப்பதற்கே முன்அனுமதி வேண்டும் என்றது. பெற்ற கடன் என்ற ஒன்றை வைத்து எல்லாவற்றையும் நேர்செய்ய முடியாது என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்ட இடம் இது.

மன்றத்தால் தீர்மானிக்க முடிவது பணத்தை மட்டும்தான். அடித்த தகப்பன் தளர்ந்த பின்னும் அதே கூடத்தில் அவருக்குச் சோறு போட வேண்டிய நாற்பது வயது மகனின் நிலை எந்த உத்தரவுக்குள்ளும் வராது. கடைசிக் காட்சியில் கட்டிப்பிடிக்க வைக்கும் அவசரத்தில் ‘எம் மகன்’ வகைப் படங்கள் தாண்டிப் போவது அந்த வருடங்களைத்தான்.