இழவும் இளிவும்: யூதர் துன்பத்தைத் திரைப்படத்தாற் கற்பித்தல்

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் வகுத்தார். இளிவாவது பிறரால் இகழப்பட்டு எளியனாதல். இழவாவது உயிரும் உறவும் பொருளும் இழத்தல். இரண்டும் கண்ணீரையே பயப்பினும் காரணத்தால் வேறுபட்டவை. இவ் வேறுபாட்டை மனத்திற்கொண்டு, யூதர் பட்ட துன்பத்தை ஐரோப்பியப் பள்ளி மாணவர்க்கு உணர்த்தக் காட்டப்பெறும் திரைப்படங்கள் மூன்றனை ஈண்டு ஆராய்கின்றோம். அவை மாணவரை அழச் செய்யும் என்பதில் ஐயமில்லை. எதனைக் கண்டு அழச் செய்கின்றன என்பதே எம் வினா.

வரலாற்றில் இளிவே முற்பட்டது. செருமனியில் 1935ஆம் ஆண்டின் நூரம்பர்க்குச் சட்டங்கள் யூதரைக் குடியுரிமையின் நீக்கின. பிரான்சில் விசி அரசு 1940 அக்டோபரில் தானே சட்டம் இயற்றி அவர்களை அரசுப் பணியினின்றும் ஆசிரியப் பணியினின்றும் விலக்கிற்று. 1942 சூனில், செருமானியர் கைப்பற்றிய பகுதியில், மஞ்சள் விண்மீனை ஆடையில் தைத்துக்கொள்ளுமாறு அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். அடுத்த திங்களில் பாரிசு நகரில் இரு நாளில் ஏறத்தாழ 13,000 பேர் பிடிக்கப்பட்டனர். அவருள் 4,000க்கு மேற்பட்டோர் சிறுவர். பிடித்தவர் பிரெஞ்சுக் காவலர். ஆகவே, கொலைக்களத்தை மட்டும் காட்டும் படம் முடிவைக் காட்டிக் காரணத்தை மறைத்துவிடுகிறது என்க.

அலேன் ரெனே 1955இல் எடுத்த ‘இரவும் மூடுபனியும்’ 32 நிமிடமே ஓடும் படம். பிரெஞ்சுப் பள்ளி மாணவர் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவந்த இதன் உரையை எழுதியவர், முகாமில் அடைபட்டு மீண்ட கவிஞர் ழான் கேறோல். கலைச் சிறப்பில் இதற்கு நிகரானவை சிலவே. ஆயினும், உரை முழுவதிலும் யூதர் என்னும் சொல் ஒரே ஒருமுறைதான், ஆம்சுடர்டாம் மாணவர் ஒருவரைக் குறிக்குமிடத்து, வருகின்றது. பிணக் குவியலைக் கண்டு நடுங்கும் மாணவன் அவர்கள் யார், ஏன் கொல்லப்பட்டனர் என்பவற்றை அறியாமலே எழுந்து செல்லக்கூடும். மற்றொன்றும் உண்டு. பித்திவியே முகாமைக் காவல் செய்யும் பிரெஞ்சுக் காவலரின் தொப்பி ஒரு நிழற்படத்தில் தெரிந்தது. தணிக்கையாளர் அதனைப் பொறாராயினர். தொப்பி மறைக்கப்பட்ட பின்னரே படம் வெளிவந்தது. எம் கருத்தில், மறைக்கப்பட்ட அத் தொப்பியே இப் படத்தைக்கொண்டு ஆசிரியர் நடத்தத்தக்க மிகச் சிறந்த பாடம்.

‘கோடிட்ட இரவுடைச் சிறுவன்’ (2008) பற்றி நீளப் பேச வேண்டுவதில்லை. முகாம்தலைவனின் மகன் முள்வேலிக்கு அப்பாலுள்ள யூதச் சிறுவனுடன் நட்புக் கொண்டு, ஈற்றில் அவனோடு நச்சுவளி அறையில் மடிகின்றான். அழிப்பு முகாம்களில் யூதச் சிறுவர் பெரும்பாலும் வந்திறங்கிய உடனே கொல்லப்பட்டனர். வேலியருகே அமர்ந்து உரையாட அவர்க்குப் பொழுதேது? யூத வெறுப்பைப் புகட்டும் ஆசிரியர் ஒருவர் இதில் வருகின்றார் என்பது மெய். ஆயின் அக் கல்வி தமக்கையைப் பற்றியதேயன்றித் தலைமைச் சிறுவனைத் தீண்டவேயில்லை. காண்போர் கண்ணீரின் பெரும்பங்கும் தலைவனின் மகனுக்கே செல்கின்றது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் இங்கிலாந்தின் பள்ளிகளில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், மாணவருள் மூன்றில் இரு பங்கினர்க்கு மேல் யூத வெறுப்பைக் குறிக்கும் சொல்லின் பொருளையே அறியாதிருந்தமை புலனாயிற்று. அதே மாணவருள் மிகப் பலர் இக் கதையை அறிந்திருந்தனர் என்பது எண்ணத்தக்கது.

லூயி மால் 1987இல் எடுத்த ‘சென்றுவருகிறேன், பிள்ளைகளே’ என்னும் படம் வேறு வகையினது. 1944 சனவரியில், தாம் பதினொரு வயதினராய்ப் பயின்ற கத்தோலிக்க விடுதிப் பள்ளியில், மறைத்து வைக்கப்பட்டிருந்த யூத மாணவர் மூவரும் பள்ளித் தலைவரான துறவியும் கைதானதை நினைவும் புனைவும் கலந்து அவர் படைத்தார். இதில் பிணம் ஒன்றேனும் காட்டப்படவில்லை. புதிதாய் வந்த ழான் போனேயின் மெய்ப்பெயரை ஒரு புத்தகத்தால் அறிந்த ழூலியென், யூதர் செய்த குற்றம் யாதெனத் தன் தமையனை வினவுகின்றான். தமையன் விடையில் அறிவுக் காழ்ப்பும் சமயப் பழியும் இரண்டே தொடரில் வந்துவிடுகின்றன. பல நூற்றாண்டு வெறுப்பின் வரலாறு சிறுவர் பேச்சாய்ச் சுருங்கி நிற்கும் இவ் இடம் வகுப்பில் ஒரு மணிநேர உரைக்கு இடந்தரும்.

உணவகக் காட்சி இளிவிற்குத் தக்க எடுத்துக்காட்டு. நெடுநாள் வாடிக்கையாளராகிய யூத முதியவர் ஒருவரை வெளியேற்ற முனைவோர் பிரெஞ்சுத் துணைப்படையினர். அவர்களைத் துரத்துபவன் செருமானிய அதிகாரி! அவனும் அறம் கருதிச் செய்தானல்லன். அருகமர்ந்த பெண்மணியின் மதிப்பைப் பெறச் செய்தான் என்னும் குறிப்புப் புலப்படுகின்றது. நல்லோர் இந் நாட்டார், தீயோர் அந் நாட்டார் எனப் பிரித்துப் பழகிய இளையோர் உள்ளம் இங்கே தடுமாறும். அத் தடுமாற்றம் வேண்டற்பாலது.

காட்டிக்கொடுத்த சோசப்பின் பாத்திரம் இன்னும் நுண்ணியது. சமையலறைப் பணியாளனாகிய அவனும் செல்வர் வீட்டு மாணவரும் கூடியே கள்ளவாணிகம் செய்தனர். வேலையிழந்தவன் அவன் ஒருவனே. அச் சினமே அவனைப் பகைவரிடம் செலுத்துகின்றது. அவன் யூதரை வெறுத்தான் எனக் கொள்ளச் சான்று மிகுதியில்லை. சட்டம் வெறுப்பை நாட்டிவிட்டபின், தனிமனிதன் தன் சிறு பகையைத் தீர்த்துக்கொள்ள அதுவே கருவியாகிவிடுகின்றது. இச் சோசப்பும் போனேயும் துறவியும் ஒருங்கிருந்து சாப்ளின் படம் ஒன்றைக் கண்டு நகைக்கும் காட்சி முன்னரே வந்துள்ளமையின், பின் நேர்வது மேலும் உறுத்துகின்றது.

ஈற்றில், வகுப்பறையில் போனேயைத் தேடிவந்த அதிகாரி திரும்பிய இமைப்பொழுதில் ழூலியென் தோழனை நோக்குகின்றான். அந் நோக்கே அடையாளமாகிவிடுகின்றது. இதனை இரண்டகம் என்பதா, அன்பின் நடுக்கம் என்பதா? மாணவர் இரு திறப்பட்டு வாதிடுவர். ஆசிரியர் தீர்ப்புக் கூற விரைதல் ஆகாது. படத்தை ஒரே மூச்சில் காட்டி மணி அடித்ததும் வகுப்பைக் கலைத்தலும் ஆகாது. அந் நோக்கு நிகழ்ந்தவிடத்தே நிறுத்தி, அவ் அதிகாரி அவ் வகுப்பறை வாயிலை வந்தடைய 1940 முதல் யார் யார் கையொப்பமிட்டனர், யார் யார் பதிவேடு எழுதினர் என்று வினவுதல் வேண்டும். அவ் வினாவிற்கு விடை திரையில் இல்லை. சட்டநூலும் ஆவணமும் வகுப்பிற்குக் கொணரப்படுதல் வேண்டும்.